மாதம் விட்டு மாதம் காணாமல் போகிறவர்

“மேற்படி வரன் ஒரு மாதம் ஊரில் இருப்பதும், மறு மாதம் தென்காசி மார்க்கமாகச் சென்று காணாமல் போவதும் விசாரணையில் தெரிய வருகிறது. இது குறித்துத் தாங்கள் தக்க விளக்கம் தரும் வரை மேற்கொண்டு பேச இயலாத நிலையில் உள்ளோம்.”

இது 1987 நவம்பர் 12 தேதியிட்ட இன்லண்ட் லெட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் இருந்த என் அப்பாவுக்கு வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ஹெட் கான்ஸ்டபிள். அவருடைய மூத்த மகளை அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் நாங்கள் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மேற்படி வரன் நான்.

கடிதத்தில் சொன்ன விவரம் எதுவும் தவறில்லை. நான் ஒரு மாதம் ஊரில் இருந்தேன், மறு மாதம் இல்லை. தென்காசி பஸ்ஸில்தான் போனேன்.

அப்போது எனக்கு வளைகுடாவில் வேலை. கரையிலிருந்து ஹெலிகாப்டரில் முக்கால் மணி நேரம் பறந்தால், கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் ஓர் எரிவாயு மேடை வரும். 1985 முதல் அங்கே நான் இன்ஸ்ட்ருமென்ட் என்ஜினியர். கடலடிக் கிணறுகளிலிருந்து வரும் வாயுவின் அழுத்தத்தையும் சூட்டையும் காட்டும் கருவிகள், எங்கேயாவது வாயு கசிந்தால் மோப்பம் பிடித்து மணியடிக்கும் கருவிகள், ஆபத்து என்றால் தாமாகவே மூடிக்கொள்ள வேண்டிய வால்வுகள் எல்லாம் என் பொறுப்பு. வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூட வேண்டும், மூடக் கூடாத நேரத்தில் மூடக் கூடாது. வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

நான்கு வாரம் மேடையில், நான்கு வாரம் வீட்டில் என்பது அங்கே முறை. ஒரு வேலைக்கு இரண்டு ஆட்கள். என் வேலையின் மறு பாதி ஒரு ஸ்காட்லாந்துக்காரருடையது. நான் படுத்த கட்டிலில்தான் அவரும் படுப்பார். நான் உட்கார்ந்த நாற்காலியில்தான் அவரும் உட்காருவார். அவர் வரும் ஹெலிகாப்டரில்தான் நான் கிளம்புவேன். இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டின் அடியில் கை குலுக்கி, காதருகே வாயை வைத்துக் கத்தி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். மற்றதெல்லாம் மேஜை மேல் எழுதி வைத்த குறிப்பில் இருக்கும். அவர் எழுத்து எனக்கு மனப்பாடம். ஆனால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து வளைகுடா போனவர்கள் வேறு மாதிரி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார்கள். நைலான் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள், தோளில் டேப் ரிக்கார்டர். போகும்போது மதுரை ஜங்ஷன் வரைக்கும் தெருவே வேன் பிடித்துப் போய் வழியனுப்பும். எனக்கு விமானம் திருவனந்தபுரத்திலிருந்து. அதனால் ராஜபாளையத்தில் தென்காசி, செங்கோட்டை பஸ் ஏறி, செங்கோட்டையில் மலையைத் தாண்டும் பஸ் மாறுவேன். மேடையில் போட்டுக்கொள்ள ஓவரால், பூட்ஸ், துண்டு வரைக்கும் கம்பெனியே கொடுத்துவிடும். ஆகவே கையில் ஒரு தோள்பை போதும். அதிலும் பாதிக்குப் புத்தகம்தான். மாதம் விட்டு மாதம் போகிறவனை வழியனுப்ப யாரும் வருவதில்லை.

இதை வைத்துத்தான் ஹெட் கான்ஸ்டபிள் விசாரணை நடத்தியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டுக்கு வராமல், தெருமுனை சலூனில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். பிறகு லாண்டரி, டீக்கடை. கடைசியாக, பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர். ‘ஒரு மாசம் துணி வரும், ஒரு மாசம் வராது’ என்றாராம் லாண்டரிக்காரர். ‘சாருக்கு டிக்கெட் எப்பவும் செங்கோட்டைக்குத்தான்’ என்றாராம் கண்டக்டர். வெளிநாட்டுக்குப் போகிற மனிதன், பெட்டி இல்லாமல், வழியனுப்ப ஆள் இல்லாமல், எதிர்த்திசை பஸ்ஸில் ஏறி, செங்கோட்டையில் இறங்குகிறான். முப்பது வருஷ சர்வீஸில் அவர் பார்த்தவரை, இப்படி மாதம் பிரித்து வாழ்கிற ஆளுக்கு இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. எனக்குச் செங்கோட்டையில் ஒரு வீடு இருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அப்பாவுக்குக் கோபம் அடங்கவில்லை.

“தக்க விளக்கமாம்லா? நாம என்ன கோழியத் திருடிட்டு ஸ்டேஷன் வாசல்லயா நிக்கோம்? வேற இடம் பாப்போம்லே.”

வேறு இடம் பார்க்க எனக்கு மனமில்லை. பெண் பார்க்கப் போன அன்று, பெரியவர்கள் பேச்சின் நடுவே டீச்சர் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “கடல்ல நிக்கையில தீப்பிடிச்சா எங்க ஓடுவீங்க?” மேடையின் நான்கு பக்கமும் தொங்கும் மூடிய படகுகளைப் பற்றி விவரமாகவே பதில் சொன்னேன். அந்த மாதிரிப் பதிலை யாரும் பாதிக்கு மேல் கேட்பதில்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஒரு பக்கத்துப் படகு எரிஞ்சுபோனா மிச்சப் படகுல எல்லாருக்கும் எடம் காணுமா?” என்றார். புது ஆட்களுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பில்கூட அந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் வரும். காணும் என்றேன். அன்றே எனக்கு முடிவாகிவிட்டது. இரண்டு வரன்களை அந்த வீட்டு விசாரணை முன்பே கழித்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ‘இதுவும் போச்சுன்னா நான் இனிமே யாருக்கும் காப்பித் தட்டு ஏந்த மாட்டேன்’ என்று அவர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டதும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட்டையும் என்னிடம் இருந்த ஒரே புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேரடிக்குப் பின்னால் அவர்கள் வீடு. ஹெட் கான்ஸ்டபிள் மரியாதையாகவே உட்காரச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

“சீல் எல்லாம் வரிசையாத்தான் இருக்கு.”

“ஆமா மாமா.”

“சிவகாசியில சொன்னா இதவிட நல்லா அடிச்சுக் குடுப்பான்.”

அவர் மனைவி, எனக்கு அத்தையாக வேண்டியவர், உள்ளேயிருந்து, “பேசுத பேச்சப் பாரு” என்றார்.

புகைப்படத்தை நீட்டினேன். ஆரஞ்சு நிற ஓவரால் போட்டு, கரையில் ஹெலிகாப்டர் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருக்கும் படம். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஹெலிகாப்டர் பொருட்காட்சியிலயும் நிறுத்தி வச்சிருக்கானே தம்பி. கடலுக்குள்ள எடுத்த படம் ஒண்ணு இல்லியா?”

“அங்க கேமரா கொண்டுபோக விட மாட்டாங்க மாமா. பேட்டரில சின்னப் பொறி வந்தாலே ஆபத்து. வாயு இருக்குத எடம்.”

“அப்ப நீங்க அங்க இருக்குததுக்குச் சாட்சி?”

“ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான்.”

“அவரு யாரு?”

“நான் இல்லாதப்ப என் வேலையப் பாக்குதவரு.”

“அவருக்கும் சம்பளம் உண்டா?”

“உண்டு.”

“நீங்க சும்மா இருக்க மாசத்துக்கு உங்களுக்கு?”

“எனக்கும் உண்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வேலைக்கு ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் வீட்ல. ரெண்டு பேருக்கும் சம்பளம். நான் பொய் நெறையக் கேட்டிருக்கேன் தம்பி. பொய் சொல்லுதவன் நம்புத மாதிரியாவது சொல்லுவான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அடுத்து எப்பப் போறீங்க?” என்றார். பத்து நாளில் என்றேன்.

“நானும் வாரேன்.”

அறைக்குள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது. “அப்பா, அப்படியே ஹெலிகாப்டர்லயும் தொத்திக்கோங்க. கடல்ல போயி லாண்டரியில விசாரிக்கலாம்.”

“ஏட்டி, வாய மூடு” என்றார் அத்தை.

நவம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் கிளம்பினோம். அவர் முந்தின பஸ்ஸிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, குடை. என் தோள்பையைப் பார்த்தார். “தப்பா நெனைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, ஸீட்டில் உட்கார்ந்ததும் அதைத் திறந்து பார்த்தார். நாலு சட்டை, ஒரு செருப்பு, ஆறு புத்தகங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

தென்காசியைத் தாண்டியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எனக்கு நான்கடி பின்னால் வந்தார். யாராவது என்னைப் பார்த்து முகம் மலர்கிறார்களா, யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களா என்று கவனிக்கத்தான் அந்த நான்கடி.

மலையைத் தாண்டும் பஸ்ஸுக்கு எப்படியும் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பரோட்டாக் கடையில் சாப்பிடுவது என் வழக்கம். கணவன் கல்லில் பரோட்டா போடுவார், மனைவி இலை போட்டுப் பரிமாறுவார். இரண்டு வருஷப் பழக்கம். அன்றும் உள்ளே நுழைந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் சத்தமாகச் சொன்னார்:

“வாங்கண்ணே. பிள்ளைக்கு கலர் பென்சிலு வாங்கியாரேன்னு சொல்லிட்டு, போன தடவ வெறுங்கையோட வந்து நின்னீக. அவன் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

எனக்குப் பின்னால் குடை தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

“எந்தப் பிள்ளைக்கு?” என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

“எம் பிள்ளைக்குத்தான்.”

“இவர எம்புட்டு நாளாத் தெரியும்?”

“அது ஆச்சு ரெண்டு வருசம். மாசத்துல ஒரு நாளு வருவாக. ஒண்ணு இந்தப் பக்கமாப் போவாக, இல்லாட்டி அந்தப் பக்கமாப் போவாக.”

“இங்க தங்குவாரா?”

அந்த அம்மா கையிலிருந்த சால்னா வாளியைக் கீழே வைத்தார். “இங்க எங்க தங்குததுக்கு? நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட், போயிருவாக. நீங்க யாரு? வந்ததும் வராததுமா போலீஸ்காரன் கணக்காக் கேக்கீக.”

கல்லின் முன் நின்ற கணவர் மாவை அடித்துக்கொண்டே, “போலீஸ்தான்டி. நிக்கதப் பாத்தாலே தெரியலியா? மொதல்ல எலையப் போடு” என்றார்.

“பிள்ளையோட அப்பா?” என்றார் இவர்.

“அந்தா நிக்காகல்லா, கல்லுகிட்ட” என்றார் அந்த அம்மா. “சந்தேகம்னா ரெண்டு பேரு மூக்கையும் பாத்துக்கோங்க. பையன் பள்ளிக்கூடம் விட்டு வருத வரைக்கும் இருந்தா காட்டுதேன்.”

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஹெட் கான்ஸ்டபிள் உட்கார்ந்தார். முதல் பரோட்டாவை மிக மெதுவாகப் பிய்த்தார். இரண்டாவதைச் சாப்பிடும்போது அந்த அம்மாவிடம், “இவரு எங்க வேல பாக்காருன்னு உனக்குத் தெரியுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“கேட்டா கடலுக்குள்ளங்காக. வலையையும் காணோம், மீனையும் காணோம். நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்.”

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு. வளைவுகளில் மழை சாரலடித்தது. ஆரியங்காவு தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“அந்த ஸ்காட்லாந்துக்காரன் வரலேன்னா என்ன செய்வீங்க?”

“இருக்கணும்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“அவரு வருத வரைக்கும். கருவிகளப் பாக்க ஆளு இல்லாம அங்க விட முடியாது மாமா. ஒரு தடவ மூடுபனி. ஹெலிகாப்டர் ஏறல. பையக் கட்டி வச்சிட்டு நாலு நாளு உக்காந்திருந்தேன்.”

“மாத்தாள் வராம எடத்த விட்டு எறங்குனா?”

“வேல போயிரும்.”

அவர் தலையை ஆட்டினார். “அது பாரா டூட்டிலா தம்பி” என்றார். “ட்ரெஷரியில துப்பாக்கியோட நிப்போம். ரெண்டு மணி நேரம் பாரா, நாலு மணி நேரம் ஓய்வு. மாத்துத ஆளு வந்து நின்னாத்தான் நாம எறங்கணும். ஒரு தடவ எனக்கு மாத்த வேண்டியவன் தூங்கிட்டான். விடியுத வரைக்கும் நின்னேன். காலு ரெண்டும் மரத்துப்போச்சு.” கொஞ்ச நேரம் கழித்து, “ஓய்வுல இருக்கவனுக்கும் சம்பளம் உண்டுலா. அத நான் அன்னைக்கு யோசிக்கல” என்றார்.

அதற்குப் பிறகு திருவனந்தபுரம் வரை கேள்வி கேட்டது அவர்தான். ஆனால் அவை வேறு கேள்விகள். அங்கே சோறு கிடைக்குமா, கடல் தண்ணீரை எப்படிக் குடிக்கிறீர்கள், இரவில் அந்த இரும்பு ஆடுமா, முடி யார் வெட்டுவார்கள் என்றெல்லாம். சமையலறை உதவியாளர் ஒருவர் வெட்டுவார் என்றேன். “அதான் ஒங்க தெரு சலூன்காரன், முடி வேற எங்கயோ வெட்டிட்டு வாராருன்னு கொற சொன்னான்” என்றார்.

விமான நிலையத்தில் பயணிகளோடு வருகிறவர்களை உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட் வாங்கினால் மாடியில் நின்று விமானம் ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். அவர் அந்த டிக்கெட் எங்கே கொடுக்கிறார்கள் என்று காவலரிடம் விசாரித்து வைத்துக்கொண்டார். வாசலில் நின்று என் தோள்பையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

“சரி மாப்ள, போயிட்டு வாங்க” என்றார்.

அதுவரை அவர் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டிருந்தார். மாப்ள என்று கூப்பிட்டது அவருக்கே தெரிந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் போய்ச் சேர ஒரு நாள் தாமதமாகிவிட்டது. எனக்காக ஒரு நாள் கூடுதலாக நின்ற ஸ்காட்லாந்துக்காரர் படிக்கட்டடியில் என் காதில் கத்தியது வாழ்த்து அல்ல. அந்த நான்கு வாரமும் வேலை வழக்கம்போல நடந்தது. ஒவ்வொரு வால்வாக மூடித் திறந்து சோதித்தேன். மோப்பக் கருவிகளுக்கு ஒவ்வொன்றாக மாதிரி வாயு காட்டி மணியடிக்கிறதா என்று பார்த்தேன். தபால் பை வரும் ஹெலிகாப்டர் இறங்கும் நேரத்துக்கு மட்டும் மேலே எனக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது. மூன்றாவது வாரம் அப்பாவின் கடிதம் வந்தது. சம்மதம் சொல்லிவிட்டார்களாம். ஹெட் கான்ஸ்டபிள் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து, எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ‘பையன் விமானத்துல ஏறுததை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். இனி இதப் பத்திப் பேச்சில்ல’ என்று சொன்னாராம். மார்கழி முடிந்து தை பிறந்த வாரத்திலேயே முகூர்த்தம். என் நான்கு வார ஓய்வு முடிவதற்குள் வந்த முகூர்த்தம் அது ஒன்றுதான். பஞ்சாங்கத்தையும் என் போக்குவரத்துக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவரும் அவரே.

கல்யாணம் 1988 ஜனவரியில் நடந்தது. 1996 வரை நான் அந்த மேடையில் வேலை பார்த்தேன். செங்கோட்டைப் பையனுக்குக் கலர் பென்சில் போய்ச் சேர்ந்தது.

பழைய டயரிகளைத் தேதிவாரியாக ஒழுங்கு செய்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவர் என்னை வழியனுப்பிய அன்று மாலை கிளம்ப வேண்டிய விமானம் கிளம்பவில்லை. இயந்திரக் கோளாறு என்று இரவு முழுவதும் எங்களை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். விமானத்தில் ஏற்றியது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல். இது என் கையெழுத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அன்றைய பஸ்களில் எப்படியும் ஏழு மணி நேரம் ஆகும்.

என் மனைவியிடம் கேட்டேன். “மறுநாள் காலையில, நான் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புததுக்கு முன்னாடியே அப்பா வந்துட்டாக. அவிய சொன்னதக் கேட்டுட்டுத்தான் நான் பஸ் ஏறுனேன். அன்னைக்கு முதல் பீரியடு எனக்கு என்ன நடத்துனேன்னே தெரியல” என்றார். அவர் சொல்வது சரியென்றால், நான் விமானம் ஏறிய நேரத்தில் ஹெட் கான்ஸ்டபிள் வீட்டில் இருந்திருக்கிறார். மைத்துனர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அப்பா வந்தது மறுநாள் சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு என்கிறார். அப்படியென்றால் அவர் இரவு முழுவதும் விமான நிலையத்தில் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். இருவரும் தங்கள் ஞாபகத்தில் உறுதியாக இருக்கிறார்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லும் சாட்சியை ஹெட் கான்ஸ்டபிளுக்குக் கட்டோடு பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

1994-ல், ஒரு லீவில், அவரிடமே கேட்டேன்.

“மாமா, அன்னைக்கு நான் ஏறுனத நெசமாவே பாத்தீங்களா?”

“என்ன சட்ட போட்டிருந்தீங்கன்னு கேளுங்க, சொல்லுதேன்.”

“என்ன சட்ட?”

“நீலக் கட்டம்.”

சரிதான். ஆனால் ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போதே அந்தச் சட்டைதான் போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். “வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் மாப்ள” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். 1998-ல் அவர் காலமானார். 1987-ம் வருஷத்துப் பஸ் நேர அட்டவணை எனக்குக் கிடைக்கவில்லை. மனைவியின் பள்ளியில் அந்த நவம்பர் மாதத்து வருகைப் பதிவேடு இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அன்று மாடியில் நின்று பார்த்தாரா, வாசலிலேயே திரும்பிவிட்டாரா என்பதை இது வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.